64இல் ஓடுதா?

லினக்ஸ் கணினியில் பாட்டுப் பதிவு செய்கிறேன் என்று இந்த வட்டத்து ஆட்களிடம் சொன்னால், என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள் என்ற கேள்வி வருவதில்லை. "எத்தினையில ஓடுது?" என்றுதான் கேட்பார்கள். பஃபரைத்தான் கேட்கிறார்கள்: ஒலியை நுண்ணிய துண்டுகளாக, அதாவது சாம்பிள்களாக, எடுக்கும் கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துவைத்து அனுப்புகிறது என்று. எண் சிறுத்தால் ஒலி பிந்துவது குறையும், ஆனால் கணினி நேரத்துக்கு முடிக்காவிட்டால் வெடிப்புச் சத்தம் வரும். 256 என்றால் மரியாதைக்கு ஒரு தலையாட்டல். 128 என்றால் பரவாயில்லை, ஆள் ஏதோ செய்திருக்கிறான். 64 என்றால் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, "வெடிக்காமலா?" என்று ஆர்வமாக விசாரிப்பார்கள். 32 என்று சொல்கிற ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். அந்த 32இல் என்ன பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் செய்யவில்லை, முதலில் செட்டிங் முடியட்டும் என்றார்.

இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. பஃபரைக் குறைப்பதில் ஒரு போதை இருக்கிறது, அது எனக்கும் நன்றாகத் தெரியும். இரவு எல்லாரும் படுத்த பிறகு ஒரு வரியை மாற்றி, திரும்பத் தொடங்கி, ஹெட்போனைக் காதில் வைத்து, வெடிப்புச் சத்தம் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தனிச் சுகம். ஆனால் வெள்ளவத்தையில் என் வீட்டு அறையில் ஒரு சங்கீத ரீச்சரோடு சேர்ந்து பதிவு செய்த காலத்தில் இந்தக் கேள்வியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அது இன்னும் போகவில்லை. சின்ன எண் நல்லதா கெட்டதா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. யாருடைய காதுக்கு, எந்த வாத்தியத்துக்கு, எந்த வழியாக என்று கேட்காமல் எண்ணை மட்டும் கேட்கிறோமே, அதுதான் உறுத்துகிறது.

என்னிடம் இருப்பது பெரிய ஸ்டூடியோ ஒன்றும் இல்லை. பழைய லாப்டொப் ஒன்று, இரண்டு மைக் குத்தக்கூடிய யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று. அதைப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில், ரூபாய் விழுவதற்கு முன்பு வாங்கினேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன பிறகு அதே பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு, என்னுடையதைத் துணி போட்டு மூடி வைக்கத் தொடங்கினேன். ஒலியைக் கடத்துகிற பைப்வயர், பதிவு செய்கிற ஆர்டோர் என்ற மென்பொருள்கள், ஒரு கண்டென்சர் மைக். யன்னல் மரைன் டிரைவ் பக்கம் என்பதால் கரையோர ரயில் போகும்போதெல்லாம் பாட்டை நிறுத்த வேண்டும், அதற்கு எந்த கேர்னலிலும் (லினக்ஸின் மையப் பகுதி) மருந்து இல்லை.

ரீச்சர் எங்கள் ஒழுங்கைக்குள் கன வருடமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மாணவர்கள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காகச் சில பதிகங்களும் வர்ணங்களும் பதிந்து தரச் சொன்னார். தம்பூராவும் முதலில் பதிந்து வைத்த வயலினும் மைக்குக்குள் கசியக் கூடாது, அதனால் அவர் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பாட வேண்டும். ஹெட்போன் போட்டால் காது அடைபடும், தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது, ஆகவே மைக்கில் போகிற குரலையும் ஹெட்போனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அதை ஆர்டோர் வழியாக அனுப்பினேன். பஃபர் அப்போது 1024.

"தம்பி, நான் பாடி முடிச்ச பிறகும் ஆரோ பாடிக்கொண்டு நிக்கினம்," என்றார்.

1024 சாம்பிள், வினாடிக்கு 48000 என்றால் ஒரு பஃபர் 21.3 மில்லிசெக்கன். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று வைத்தால் 42.7. இதைத்தான் திரை சொல்லும். திரை சொல்லாத மிச்சமும் இருக்கிறது: ஒலியை எண்ணாகவும் எண்ணைத் திரும்ப ஒலியாகவும் மாற்றுகிற சிப்புகள் எடுக்கும் நேரம், யூஎஸ்பி தன் பங்குக்குச் சேர்த்து வைக்கும் நேரம். அதை அறிய ஒரே வழி, இன்டர்ஃபேஸின் வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு ஒரு சின்ன வயரைக் குத்தி, ஜாக் என்ற ஒலி மென்பொருளோடு வரும் ஐஓடிலே கருவியை ஓடவிட்டு அளப்பதுதான். என் பெட்டியில் ஏறக்குறைய 4.5 மில்லிசெக்கன் கூடுதலாக வந்தது, பஃபர் எதுவானாலும். ஆக ரீச்சருக்குக் குரல் 47 மில்லிசெக்கன் பிந்திப் போயிருக்கிறது. பிருகா ஒன்றைப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போகும் வேளையில் முந்தியதன் வால் காதில் கிடந்தால் யாரால் பாட முடியும்? குறைத்தே ஆக வேண்டும் என்று எனக்கும் அப்போது சந்தேகம் இருக்கவில்லை.

கரண்ட் போன நேரத்தில்

பஃபரைக் குறைக்க மாற்ற வேண்டிய செட்டிங்குகளின் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். ஒடியோ குழுவில் பயனரைச் சேர், ஆர்டி முன்னுரிமையை 95 ஆக்கு, மெம்லொக்கை அன்லிமிட்டெட் ஆக்கு, கேர்னலுக்குத் திரெட்-ஐஆர்க்யூ கொடு, சிபியூவின் வேகத்தை ஆளும் கவர்னரை பெர்ஃபோமன்ஸுக்கு மாற்று, ஸ்வாப்பினஸ் 10. இந்தப் பட்டியலில் பாதி, போல் டேவிஸ் ஜாக்கை எழுதிய காலத்தில் உண்மையாகவே தேவைப்பட்டது. இன்றைக்குப் பல லினக்ஸ் விநியோகங்களில் அவற்றில் கனக்க ஏற்கெனவே செய்துதான் வருகின்றன. பைப்வயர் 2023 நவம்பரில் 1.0 ஆகிவிட்டது, முன்னுரிமையை ஆர்டிகிட் என்ற சேவை மூலம் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. இருபது வருடமளவில் வெளியே தனி ஒட்டாகவே (பட்ச்) கிடந்த, வேலையைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கச் செய்யும் ரியல்டைம் கேர்னல் வேலையும் 6.12இல், 2024 நவம்பரில், பிரதான கேர்னலுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய பட்டியலை ஒருவர் விட்டு ஒருவர் கையளித்துக்கொண்டே இருக்கிறோம். ஸ்வாப்பினஸை மாற்றி யாருடைய வெடிப்புச் சத்தமாவது நின்றதை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் வீட்டில் வெடிப்புக்குக் காரணம் எது என்று பிடிபட்டது இந்தப் பட்டியலால் அல்ல, மின்வெட்டால். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கரண்ட் போனதும் ஒரு நன்மை நடக்கும்: சார்ஜர் கழன்றுவிடுவதால், அதன் வழியாக யூஎஸ்பி கிரவுண்டில் ஏறி வந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அப்படியே அற்றுப்போகும். மேல்மாடி ஏசியும் நின்றுவிடும். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் தொடங்குவதற்கு இடையில் ஒரு அருமையான அமைதி கிடைக்கும், அந்த இடைவெளியில் நல்ல பதிவுகள் எடுத்திருக்கிறேன். ஆனால் அதே நேரத்தில்தான் வெடிப்பும் வரும். கரண்டோடு ஓடும்போது 256இல் மணிக்கணக்காகச் சுத்தமாக ஓடுகிற சாதனம், பற்றரியில் சில நிமிடத்துக்குள் டப் டப் என்கிறது.

பற்றரிக்கு மாறியதும் சிபியூ சோம்பலாகிறது என்பது முதல் ஊகம், அது சரியாகவும் இருந்தது. பற்றரியில் வேகத்தைக் குறைத்துவைக்கும் சேவையொன்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தியதும் பாதி வெடிப்புப் போனது. மற்றப் பாதி போகவில்லை. பைப்வயரின் நிலையைக் காட்டும் பிடபிள்யூ-டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பிழை எண்ணுகிற பத்தியைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு ஒழுங்கில் ஏறியது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், திடீரென்று இரண்டு மூன்று கூடும், திரும்பச் சும்மா இருக்கும். சிபியூ திணறினால் இப்படி முறை வைத்து வராது. யாரோ இடைவெளி விட்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள். கரண்ட் போனால் வீட்டில் வேறென்ன போகிறது? ரவுட்டர். ரவுட்டர் போனால் லாப்டொப்பின் வைஃபை சும்மா இருக்குமா, இருக்கிற நெட்வேர்க்கை எல்லாம் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தேடலின்போதும் அதன் டிரைவர் சிபியூவைக் கொஞ்ச நேரம் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்ள, 256இன் கணக்கில் 5.3 மில்லிசெக்கனுக்குள் வர வேண்டிய ஒலி நேரத்துக்கு வராமல் போகிறது. வைஃபையை அணைத்தேன். பத்தி நின்ற இடத்திலேயே நின்றது.

யாராவது வெடிப்புச் சத்தம் என்று வந்தால் இதை அவர்களுக்குச் சொல்வேன். பட்டியலை மேலிருந்து கீழே செய்து முடிக்காதீர்கள். பிழை எப்போது ஏறுகிறது, என்ன ஒழுங்கில் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். முறை வைத்து வந்தால் ஏதோ ஒன்று முறை வைத்து வேலை செய்கிறது. பிளகின் கூடக்கூட ஏறினால் சிபியூ போதவில்லை. யூஎஸ்பி பென் டிரைவ் குத்தினால் வந்தால் அந்தப் பக்கத்து வாயை விட்டு மற்றப் பக்கத்து வாயில் இன்டர்ஃபேஸைக் குத்துங்கள். என் லாப்டொப்பில் இடப்பக்க வாயும் வெப்காமும் ஒரே கொன்ட்ரோலரில் கிடந்தன. வலப்பக்கம் மாற்றியதும் அதற்கும் ஒரு முற்றுப்புள்ளி. 44100 வேண்டாம், 48000 வையுங்கள் என்று பலர் சொல்வதற்கும் ஒரு நியாயம் உண்டு. யூஎஸ்பியின் அடிப்படை ஃபிரேம் 1 மில்லிசெக்கன், அதற்குள் 48 சாம்பிள் மிச்சமில்லாமல் அடங்கும், 44.1 அடங்காது. எல்லாப் பெட்டிகளுக்கும் இது வித்தியாசம் காட்டாது, ஆனால் செய்வதில் நட்டமில்லை.

இப்படியெல்லாம் செய்து 64 வந்தது. ரியல்டைம் கேர்னல் இல்லாமலே. வெடிப்பில்லை, பிழைப் பத்தியில் பூச்சியம். திரையில் 2.7 மில்லிசெக்கன், வயர் குத்தி அளந்தால் 7.2. கூட்டாளிகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவர்களும் பெருவிரல் காட்டினார்கள்.

ரீச்சரின் ஐந்தரைக் கட்டை

ரீச்சர் வந்து ஹெட்போனைப் போட்டு, சுருதி சேர்த்து, ஸட்ஜத்தைப் பிடித்தார். பிடித்த உடனேயே விட்டுவிட்டார். திரும்பப் பிடித்தார். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

"இப்ப பிந்தேல்ல. ஆனா தம்பி, இது என்ர குரல் இல்ல. தகரப் பேணிக்குள்ள நிண்டு பாடுறன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முந்தினதே பரவாயில்ல. அது வேற ஆளெண்டு நினைச்சுக்கொண்டு பாடலாம்," என்றார்.

ஹெட்போன் பிழையோ என்று வேறொன்று கொடுத்தேன். அதே பேச்சு. மைக்கை நகர்த்தினேன். பதிவானதைத் திருப்பிப் போட்டுக் காட்டினால் குரல் அழகாக இருந்தது, அவரும் ஒத்துக்கொண்டார். ஆக, பதிவில் குறையில்லை. பாடும்போது மட்டும் அவருக்குக் கேட்பதில்தான் குறை. அதுவும் எல்லா ஸ்வரத்திலும் ஒரே மாதிரி இல்லையாம். மத்திய ஸ்தாயி ஸட்ஜம் மெலிந்துபோகிறது, மேல் ஸட்ஜத்துக்குப் போனால் குத்துகிறது, கமகத்தில் ஏறி இறங்கும்போது குரலின் நிறமே மாறுகிறதாம். நாற்பது வருடமாகத் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிற காது அது. அது சொல்வதை நான் 2.7 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மறுக்க முடியாது.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாடுகிறவருக்குத் தன் குரல் ஒரு வழியாக மட்டும் வருவதில்லை. ஹெட்போன் வழியாக வருவதற்கு முன்பே தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக உள்ளிருந்து வந்துவிடுகிறது, அதற்குத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. ஒரே குரல், சற்றுப் பிந்திய அதன் நகலோடு கூடும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், சில ஒன்றையொன்று தூக்கும். ஒலிப்பதிவுக்காரர்கள் கோம்ப் ஃபில்டரிங் என்று சொல்வது இதைத்தான். தாமதம் 47 மில்லிசெக்கனாக இருந்தபோது காது அதை இரண்டாவது குரலாகப் பிரித்துக் கேட்டது. 7 மில்லிசெக்கனில் பிரிக்க முடியவில்லை, இரண்டையும் ஒன்றாக்கி ஒரே குரலாகக் கேட்டது. அந்த ஒரே குரல்தான் பேணிக்குள் இருந்து வந்தது.

7.2 மில்லிசெக்கன் தாமதத்துக்கு வெட்டு விழும் இடங்கள் 69, 208, 347 ஹெர்ட்ஸ் என்று போகும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 139 ஹெர்ட்ஸ் இடைவெளி. தூக்கிக் கொடுக்கும் இடங்கள் 139, 278, 417. ரீச்சரின் சுருதி ஐந்தரைக் கட்டை. அதாவது அவருடைய ஸட்ஜம் 208 ஹெர்ட்ஸ். இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வெட்டு சரியாக அவருடைய ஆதார ஸட்ஜத்தின் தலையில் விழுகிறது, அதன் மேல் ஸட்ஜமாகிய 416இல் தூக்கல் விழுகிறது. அடித்தளம் மெலிந்து மேலே மட்டும் நிற்கிற குரல் தகரம் மாதிரித்தானே கேட்கும்! எலும்பு வழி வரும் ஒலி இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக்கு அடங்காது, அதிலும் கீழ் ஒலிகள் கூடுதலாகவும் மேல் ஒலிகள் குறைவாகவும் வரும், ஹெட்போன் எவ்வளவு சத்தமாக வைத்திருக்கிறோம் என்பதும் சேரும். ஆகையால் 208 என்று வந்தது தற்செயலின் பங்கும்தான். ஆனால் அவர் எந்த ஸ்வரம் மெலிகிறது, எது குத்துகிறது என்று சொன்னாரோ அதுவேதான் கணக்கிலும் வந்தது. அவருக்கு மில்லிசெக்கனும் தெரியாது, ஹெர்ட்ஸும் தெரியாது.

64ஐ 32 ஆக்கினால் என்ன நடந்திருக்கும் என்றும் பார்த்தேன். 1.3 மில்லிசெக்கன் குறைந்து 5.9 ஆகும், வெட்டுகள் இடம் மாறும், ஸட்ஜம் பிழைத்துக் காந்தாரம் அடிவாங்கும். அவ்வளவுதான். அந்த வழியால் எவ்வளவு தூரம் போனாலும் தகரப் பேணி போகாது, வேறு அளவுப் பேணி வரும். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த "எத்தினையில ஓடுது" கேள்வி கசந்தது.

மருந்து இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே இருந்தது, டைரக்ட் மொனிட்டர் என்று எழுதிய குமிழ். மைக்கிலிருந்து வருவதை லாப்டொப்புக்குப் போக விடாமல், இல்லை, போகிறது ஒரு பக்கம் போகட்டும், இன்னொரு கிளையைப் பெட்டிக்குள்ளேயே நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடுகிறது. அந்த வழியில் கணினியும் இல்லை, பஃபரும் இல்லை, கேர்னலும் இல்லை. ஆர்டோரில் மொனிட்டரிங்கை நிறுத்திவிட்டுக் குமிழைத் திருப்பினேன். ரீச்சர் ஸட்ஜத்தைப் பிடித்தார், விடவில்லை.

அதோடு ஒரு குறை வந்தது. குரல் மொட்டையாக இருக்கிறது, கோயில் மண்டபத்தில் பாடுவது போலக் கொஞ்சம் முழக்கம் வேண்டும் என்றார். முழக்கம் கூட்டும் ரிவேர்ப் கணினியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் திரும்பக் கணினி வழியாகவா? ஆம், ஆனால் முழக்கத்தை மட்டும். ஆர்டோரில் ரிவேர்பை முழக்கம் மட்டும் வரும்படி வைத்து, நேர்க்குரல் ஒரு துளியும் கலக்காமல் ஹெட்போனுக்கு அனுப்பினேன். நேர்க்குரல் குமிழ் வழியாக, முழக்கம் லினக்ஸ் வழியாக. முழக்கம் என்றாலே பிந்தி வருவதுதான். சுவரில் பட்டுத் திரும்ப நேரம் எடுக்கும். 3.5 மீட்டர் தூரத்துச் சுவருக்குப் போய் வர 20 மில்லிசெக்கன் ஆகும். ஆகவே பஃபரைத் தூக்கி 512இல் வைத்தேன். தாமதம் 26 மில்லிசெக்கன், அது அப்படியே ரிவேர்பின் முன்தாமதமாகக் கரைந்துபோனது. நாள்கணக்காக விரட்டிக்கொண்டிருந்த தாமதத்தை இப்போது நானே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன். 512இல் வைஃபை ஓடினாலும் வெடிக்கவில்லை, பற்றரியில் ஓடினாலும் வெடிக்கவில்லை, எந்தக் கவர்னரும் தேவைப்படவில்லை.

பதிவாகும் குரல் வயலினோடு பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். வயர் குத்தி அளந்த எண்ணை ஆர்டோருக்குக் கொடுத்தால் போதும், பதிவை அவ்வளவு முன்னுக்கு நகர்த்தி வைத்துவிடும். அதன் ஒடியோ அமைப்புப் பக்கத்திலேயே அளக்கும் வசதியும் இருக்கிறது. இதில் பஃபர் எவ்வளவு பெரிதென்பது பொருட்டே இல்லை, அது மாறாமல் இருக்கிறதா என்பதுதான் பொருட்டு. யூஎஸ்பி பெட்டிகள் சிலவற்றில் திரும்பத் தொடங்கும்போது இந்த எண் சற்று மாறக்கூடும், முக்கியமான பதிவென்றால் தொடங்குமுன் இன்னொரு முறை அளந்துவிடுவது நல்லது.

கையால் தட்டுகிறவனின் கணக்கு

இதையெல்லாம் சொன்னால் 64 தேவையே இல்லை என்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். என் மருமகனுக்குத் தேவை. மிருதங்கம் படிக்கிறவன், ஆனால் தொடர்மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் மிருதங்கம் வாசித்தால் கீழ்வீட்டார் ஏறி வருவார்கள். அதனால் யூஎஸ்பி பாட் (தட்டும் பலகை) ஒன்றில் தட்டி, கணினிக்குள் இருக்கிற மிருதங்க ஒலியைக் கேட்டுப் பழகுகிறான். அவனுக்குத் தன் சத்தம் வருவதற்குக் கணினியைத் தவிர வேறு வழி கிடையாது. எலும்பும் இல்லை, குமிழும் இல்லை. ஒரு வழிதான் என்பதால் தகரப் பேணியும் இல்லை, சுத்தமான தாமதம் மட்டும்தான்.

512இல் கொடுத்துப் பார்த்தேன். "மாமா, கை ஒரு பக்கம் போகுது, சத்தம் இன்னொரு பக்கம் போகுது," என்றான். 256இல் முகத்தைச் சுளித்தான், ஆனால் வாசித்தான். 128இல் ஒன்றும் சொல்லவில்லை, அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். 64இல் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன், தெரியவில்லை என்றான். பிறகு அவன் கவனித்தது வேறொன்று. ஒரு மென்பொருளில் 128 இருந்தும் ஃபரன்கள் (வேகமாக விழும் சொற்கள்) சீராக விழவில்லை, ஒன்று முந்துகிறது ஒன்று பிந்துகிறது. அந்த மென்பொருள், தட்டு பஃபருக்குள் எந்த இடத்தில் வந்தாலும் பஃபரின் தொடக்கத்தில் வைத்து வாசிக்கிற வகை. அதனால் தாமதம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொன்றாகிறது. தட்டு வந்த இடத்தை அப்படியே வைத்துக்கொள்கிற வேறொன்றுக்கு மாற்றினோம், 256க்கே திரும்பப் போனாலும் அவனுக்குச் சரியாக இருந்தது. நிலையாகப் பிந்துகிறதை அவன் கை சில நிமிடத்தில் பழகிக்கொள்கிறது. நிலையில்லாததை எவ்வளவு சின்னதானாலும் பழக முடியவில்லை.

தேர்த் திருவிழாவில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் பத்து மீட்டர் இடைவெளியில் நடந்துகொண்டு வாசிக்கிறார்கள், இந்த வெக்கையில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும், ஆக ஒருவர் வாசிப்பது மற்றவருக்கு 29 மில்லிசெக்கன் பிந்தித்தான் கேட்கிறது. யாரும் தாளம் தப்பவில்லை. ஆனால் அதே தவில்காரருக்குத் தன்னுடைய தொப்பிச் சத்தம் 29 மில்லிசெக்கன் பிந்தி வந்தால் தவிலைக் கழற்றி வைத்துவிடுவார். பிறர் சத்தத்துக்கு ஒரு கணக்கு, தன் சத்தத்துக்கு வேறு கணக்கு. திரையில் ஒரு எண்தான் இருக்கிறது.

டொரொண்டோ

கடைசியாக இந்தப் பேச்சு எங்கே வந்து முட்டியது என்றால், ரீச்சரின் பழைய மாணவி ஒருத்தி டொரொண்டோவில் இருக்கிறாள், அவள் அங்கே வயலின் வாசிக்க ரீச்சர் இங்கே பாட, நேரடியாகச் சேர்த்துப் பதிய முடியுமா என்று கேட்டார். மருமகன் உற்சாகமாகிவிட்டான். இணையத்தில் சேர்ந்து வாசிக்க ஜாக்டிரிப் இருக்கு, ஜாமுலஸ் இருக்கு, லினக்ஸில் நன்றாக ஓடும், நம்மிடம் 64 வேறு ஓடுகிறது மாமா என்றான்.

பூமியின் மேல் நேர்கோடு இழுத்தாலே கொழும்புக்கும் டொரொண்டோவுக்கும் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு பக்கம் போகவே 70 மில்லிசெக்கன், கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை, நடுவில் ரவுட்டர்களும் இருக்கின்றன. ரீச்சர் பாடியது அங்கே போய், அவள் அதோடு வாசித்தது இங்கே வர 140க்குக் குறைய வழியே கிடையாது. 64ஐ 32 ஆக்கினால் அதில் 1.3 மில்லிசெக்கன்தான் மிச்சம் பிடிக்கலாம். மருமகன் கொஞ்ச நேரம் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மத்திய கிழக்குக்குள் யாராவது மாணவி இருக்கிறார்களா என்று ரீச்சரைக் கேட்டான்.

ஆகவே ஃபைலாக அனுப்புவது என்று முடிவாயிற்று. ரீச்சர் சுருதியோடும் தாளத்தோடும் பாடி நான் அனுப்புகிறேன், அவள் அதைக் கேட்டுக்கொண்டு வாசித்துத் திருப்பி அனுப்புகிறாள். இரண்டு பக்கமும் 48000, 24 பிட். அவளிடம் வயர் குத்தி அளக்கச் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு தூரத்துக்கு அவள் வரத் தயாரில்லை. அதனால் என் ஃபைலின் தொடக்கத்தில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் வெறுமையாகப் போகும். அவள் ஒரு பக்க ஹெட்போனைக் கழற்றி மைக்குக்குக் கிட்டப் பிடித்து அந்த எட்டு அட்சரத்தையும் தன் பதிவில் விழ விடுவாள், பிறகு போட்டுக்கொண்டு வாசிப்பாள். ஃபைல் வந்ததும் அவளுடைய தட்டை என்னுடைய தட்டின் மேல் வைத்து இழுத்துவிடுகிறேன். ஆர்டோர் 1024இல் ஓடிக்கொண்டிருக்கிறது.